கேமராவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்

வீடியோ வழி மரபணு ஆலோசனை என்றாலே திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிபுணரைப் பற்றித்தான் பேச்சு. விருத்தாசலத்திலோ பாகூரிலோ குடும்பத்தோடு ஒரே அறையில் இருக்கும் நர்ஸை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஆலோசனை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த அறையில்தான்.

யாருக்கு எந்த வேலை என்பது முதலில் தெளிவாக வேண்டும். மரபியல் மருத்துவர் நோயைக் கணித்து, எந்தப் பரிசோதனை என்று முடிவெடுப்பார். மரபணு ஆலோசகர் குடும்ப வரலாறு வாங்குவார், வாய்ப்பு எவ்வளவு என்று விளக்குவார், சம்மதம் பெறுவார். கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை உறுதி செய்வது உள்ளூர் மருத்துவர். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானது. மருத்துவர் அல்லாத ஆலோசகர் அதை வைத்து மருந்து எழுத முடியாது. இன்னொன்று, "கவுன்சிலர் பேசுவார்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். வார்டு கவுன்சிலர் எதற்கு என்று குழம்பிப் போவார்கள். "பரம்பரை நோய் பற்றி விளக்குறவங்க" போதும்.

பரம்பரை வரைபடத்தை ஆலோசகர்தான் வரைகிறார். ஆனால் முறை சொல்லிக் கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அது தப்பாகிவிடும். "சொந்தத்தில் கல்யாணமா?" என்றால் பாதிப் பேர் "இல்லைங்க, தூரத்துச் சொந்தம்" என்று முடித்துவிடுவார்கள். "மாமா" என்ற ஒரு சொல்லை நம்பிக் கோடு போடக் கூடாது. அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா, பல வீடுகளில் கணவரும் மாமாதான். கேட்க வேண்டிய கேள்வி இது: "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மாமியாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டீங்க?" "அம்மாச்சி" அல்லது "பாட்டி" என்று பதில் வந்தால், சொந்தத் தாய்மாமன் கல்யாணமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "அத்தை" என்றால், அப்பாவின் கூடப்பிறந்தவரா என்று கேளுங்கள். தாய்மாமன் – அக்கா மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எந்த ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று; அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. சொந்தத்தில் கல்யாணம் என்றால், வரைபடத்தில் கணவனையும் மனைவியையும் இணைப்பது இரட்டைக் கோடு. மூன்று தலைமுறைக்குக் குறையக் கூடாது. இறந்து பிறந்ததையும் கலைந்ததையும் தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

தனியாக என்றால் உண்மையிலேயே தனியாக. கேமராவில் தம்பதி மட்டும் தெரிவார்கள். ஓரத்தில் நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருப்பார். அழைப்பு தொடங்கியதும் போனை ஒரு சுற்றுத் திருப்பி அறை முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஹெட்போன் கொடுத்து, குறைந்தது 5 நிமிடம் அவரோடு மட்டும் பேச வேண்டும். மற்றவர்களை வெளியே அழைத்துப்போவது நர்ஸின் பொறுப்பு. நிபுணர் திரையிலிருந்து "வெளியே போங்க" என்றால் சண்டைதான் வரும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று என்பதை வாயால் மட்டும் சொன்னால் ஏறாது. "ஒண்ணுக்கு வந்துட்டுது, இனி மூணும் தப்பிச்சிடும்" என்று கணக்குப் போடுவார்கள். நர்ஸ் கையில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும், ஒன்று அப்பா, ஒன்று அம்மா. சுண்டிப் போட்டு இரண்டிலும் பூ விழுந்தால் நோய்; ஒன்றில் மட்டும் பூ என்றால் நோயில்லை, ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய கடத்துபவர்; இரண்டும் தலை என்றால் எதுவுமில்லை. அதே நாணயங்களைத் திரும்பவும் சுண்டச் சொல்லுங்கள். போன தடவை என்ன விழுந்தது என்று நாணயத்துக்குத் தெரியாது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். தாய், தகப்பன் இருவருமே கடத்துபவராக இருக்கும் நோய்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு.

குழந்தையின் உருவ அமைப்பை நேரலையில் பார்க்கப் பாடுபடுவது வீண். முன்தினமே படம் எடுத்து அனுப்பிவிடலாம்: முகம் நேராக, பக்கவாட்டில், இரண்டு காது, உள்ளங்கை, பாதம், முதுகு. வெளிச்சம் ஜன்னலிலிருந்து முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. அளவு நாடா படத்துக்குள் தெரியட்டும். தலைச் சுற்றளவை நீளாத நாடாவால் மூன்று முறை எடுத்துப் பெரிய அளவைக் குறியுங்கள். தோலில் உள்ள காப்பி நிறத் திட்டுகளை மட்டும் படத்தை நம்பி எண்ணக் கூடாது. பருவம் எய்தாத பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது 6 திட்டு இருந்தால்தான் அது நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயின் அடையாளமாகக் கணக்கு. அதை நேரில் பார்க்கும் மருத்துவர் அளந்து எழுத வேண்டும்.

ரத்தம் எடுப்பதில் நடக்கும் தப்பு எப்போதும் மூடியின் நிறத்தில். டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாய். குரோமோசோம் பரிசோதனைக்குப் பச்சை மூடி, அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ளது. ஊதாவில் போனால் செல்கள் சரியாக வளராது. பச்சையில் போன ரத்தத்தில் ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கெடுக்கும். இரண்டையும் உறைய விடக் கூடாது. ரத்தம் ஏற்றி 3 மாதம் ஆகாதவருக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான ரிப்போர்ட் எடுத்தால் கொடுத்தவரின் ரத்தமும் கலந்து தெரியும். அந்த ரிப்போர்ட்டில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பொதுவாகக் கடத்துபவர் என்கிறோம். இரும்புச் சத்துக் குறைவு அதை இறக்கிக் காட்டி ஏமாற்றும்.

கர்ப்பிணிக்கு நாள் கணக்குதான் எல்லாம். நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 13 வாரத்துக்குள், பனிக்குட நீர் 15 வாரத்துக்குப் பிறகு. மனைவி ரிப்போர்ட் வந்த பிறகு கணவருக்கு எடுக்கலாம் என்று காத்திருந்தால் முதல் வாய்ப்பு போய்விடும். இருவருக்கும் ஒரே நாளில் எடுங்கள். 24 வாரம் தாண்டினால் கருக்கலைப்பு முடிவு மருத்துவக் குழுவிடம் போகும். கடலூர்ப் பக்கத்துப் பெண்ணுக்குப் பிக்மி எண், அதாவது தமிழ்நாடு அரசின் கர்ப்பப் பதிவு எண் இருக்கும், கடைசி மாதவிடாய்த் தேதியை அதில் சரிபார்க்கலாம். புதுச்சேரிக்காரருக்கு அது இருக்காது, முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். கருவின் பாலினத்தை வாயாலோ சைகையாலோ யாரும் சொல்லக் கூடாது என்ற 1994 சட்டம் வீடியோவுக்கும் பொருந்தும்.

ரிசல்ட் சொல்லும் நாளில் நர்ஸ் அறையை விட்டு நகரவே கூடாது. திரையில் முகம் அசையாமல் நின்றால் நெட் போனதா, அழுகிறார்களா என்று அந்தப் பக்கம் தெரியாது. கார்த்திகை மழையில் கரண்ட் போகும், டவர் விழும். அதனால் தொடங்கும் முன்பே இரண்டு பக்கமும் சாதா போன் நம்பரை எழுதி வைத்து, "லைன் அறுந்தால் நாங்கள்தான் கூப்பிடுவோம், நீங்கள் அங்கேயே இருங்கள்" என்று குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும்.