அம்மாவோட கேஸ் ஷீட்

டிசம்பர் 3, கோத்தகிரி

காலையில புல்லெல்லாம் உறைபனி. அம்மாவுக்கு திரும்ப வயித்து வலி. 2024 மார்ச்ல பித்தப்பைக் கல்லுன்னு கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை போட்டுப் பண்ற ஆபரேஷன்) பண்ணி மூணாம் நாளே அனுப்பிட்டாங்க, வலிக்குதுன்னு நாலு தடவ போன் பண்ணோம், வாயுத் தொல்லைதான், சரியாயிரும்னாங்க, பத்தாம் நாள் கண்ணு மஞ்சளாகி வேற ஆஸ்பத்திரிக்கு ஓடினப்பதான் பித்தக்குழாய் வெட்டுப்பட்டிருக்குன்னு தெரிஞ்சுது. ரெண்டாவது ஆபரேஷன், மூணரை லட்சம் கடன். அதுக்கப்புறம் அம்மா கொழுந்து பறிக்கவே போகல.

டிசம்பர் 8

ஊட்டியில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, எத்தன பேருக்கு இது தெரியும்? வக்கீல் மேடம் மொதல்ல கேட்டது, "கேஸ் ஷீட் இருக்காம்மா?" அதாவது ஆஸ்பத்திரியில என்னென்ன வைத்தியம் பண்ணாங்கன்னு எழுதி வச்சிருக்கற பதிவு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் இருக்குதுங்கன்னேன். எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002லயே மெடிக்கல் கவுன்சில் விதி இருக்காம். நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், மார்ச்சோட முடியுதுன்னு அவங்க சொன்னப்ப எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு. 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கோயமுத்தூருக்கு அலைய வேண்டாம். நாம கட்டின பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளங்கறதால ஃபீஸும் கிடையாது.

டிசம்பர் 9

தூக்கம் வரல. பித்தக்குழாய்ல அடிபடறது நல்ல டாக்டர் கையிலயும் நடக்கும், அது மட்டுமே அலட்சியம் ஆகாதுன்னு மேடம் சொன்னது உறுத்திட்டே இருக்கு. ஆனா அந்த நாலு போன்? வலிக்குதுன்னு சொன்னவங்கள வரச்சொல்லி ஒரு ஸ்கேன் எடுத்திருக்கலாமே, நம்ம கேஸோட உயிரே அதுதான்னாங்க. பழைய போன்ல கால் லிஸ்ட் இருக்கான்னு தேடணும்.

மாமா போலீஸ்ல குடுக்கலாம்னு நிக்கறாரு. கிரிமினல் கேஸுன்னா அலட்சியம் ரொம்பப் பெருசா இருக்கணும், வேற டாக்டர்கிட்ட கருத்து கேட்டுட்டுத்தான் நடவடிக்கை எடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2005ல ஜேக்கப் மேத்யூ கேஸ்ல சொல்லியிருக்கு. எனக்கு யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயால சொல்லணும்.

டிசம்பர் 18

கேஸ் ஷீட் கேட்டு மொத ஆஸ்பத்திரிக்கு அனுப்பின ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேர்ந்துச்சுன்னு தகவல் வந்து நாலு நாளாச்சு, கேஸ் ஷீட் வரல. போன் பண்ணா ஆஸ்பத்திரிய நடத்தற எம்.டி. ஊர்ல இல்லைங்கறாங்க. ராத்திரி அடுப்புகிட்ட குளிர் காயறப்ப அம்மா சொல்றாங்க, "ஆபரேஷனுக்கு முன்னாடி இங்கிலீஷ் பேப்பர் ஒண்ணுல கையெழுத்து வாங்கினாங்க கண்ணு, என்னன்னு யாரும் படிச்சுக் காட்டல."

ரெண்டாவது லெட்டர் எழுதிட்டேன். அந்தப் பேப்பரையும் பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்.