ஐஸில் வைத்த குழாயும் கொதித்த குழாயும்

நொதியம் பற்றிக் கேட்டால் "ஏவற்சக்தியைக் குறைத்துத் தாக்க வீதத்தைக் கூட்டும்" என்று உயர்தர உயிரியல் படிக்கும் எல்லோரும் எழுதிவிடுவோம். ஒரு தாக்கம் தொடங்கத் தேவையான அந்தச் சக்தியை நொதியம் எப்படிக் குறைக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது உமிழ்நீரும் மாப்பொருள் கரைசலும் வைத்துச் செய்த செய்முறையில்தான். இந்த முறை பரீட்சைக்கு இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

கச்சான் வீசும் காலம். திருகோணமலையில் அந்த நாட்களில் அறை வெப்பநிலையே 30 பாகைக்கு மேல்தான். அதனால் மேசையில் வைத்த குழாய்க்கும் 37 பாகை நீர்த்தொட்டியில் வைத்ததற்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குளிருக்கு, திருக்கடலூர் மீன்வாடி ஒன்றிலிருந்து றெஜிபோம் பெட்டியில் ஐஸ் கொண்டுவந்தோம். இன்னொரு குழாயில், கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீர்.

நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து, வெள்ளை ஓட்டுக் குழியில் இருந்த அயடீனில் விட்டோம். மாப்பொருள் இருந்தால் அயடீன் கருநீலமாகும். 37 பாகைக் குழாயின் துளி முதலில் கருநீலம். பிறகு ஊதா, அதன்பின் செங்கபிலம், கடைசியில் அயடீனின் சொந்த மஞ்சள் மட்டும். நீண்ட மாப்பொருள் சங்கிலி வெட்டுப்பட்டுக் குறுகிக்கொண்டே போவதைத்தான் அந்த வரிசை காட்டுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: துளி சூடாக இருந்தால் மாப்பொருள் இருந்தும் நீலம் தெரியாது. ஆறவிட்டுச் சோதியுங்கள்.

ஐஸ் குழாயும் கொதித்த குழாயும் நீலமாகவே நின்றன. ஓட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். "ரெண்டையும் 37 இல வைச்சுப் பாருங்கோ பிள்ளையள்" என்றார் ரீச்சர். ஐஸ் குழாயின் நீலம் மெல்ல மெல்லக் கலையத் தொடங்கியது. கொதித்ததில் ஒரு மாற்றமும் இல்லை.

ஏன்? மனித உமிழ்நீரில் மாப்பொருளை வெட்டும் நொதியமான அமிலேசு, 496 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதச் சங்கிலி. பிணைப்பை வெட்டும் வேலையில் நேரடியாக இறங்குபவை அவற்றில் மூன்றே: 197ஆவது, 233ஆவது, 300ஆவது. சங்கிலியில் தள்ளித் தள்ளி இருக்கும் இந்த மூன்றும், புரதம் மடியும்போது ஒரே பள்ளத்தில் வந்து சேர்கின்றன. அதுதான் உயிர்ப்பான மையம். குளிரில் மடிப்பு குலைவதில்லை. மூலக்கூறுகளின் அசைவு குறைவதால் மோதல்கள்தான் குறைகின்றன. கொதித்தால் மடிப்பு அவிழ்ந்து அந்த மூன்றும் பிரிந்துவிடுகின்றன.

கீழ்ப்படை, அதாவது நொதியம் வேலைசெய்யும் பொருள் (இங்கே மாப்பொருள்), அந்தப் பள்ளத்தில் போய்ச் சும்மா உட்காருவதில்லை. பூட்டுக்குச் சாவிபோல நொதியத்துக்குக் கீழ்ப்படை பொருந்துகிறது என்று எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு–சாவி விளக்கம், எது பொருந்தும் எது பொருந்தாது என்பதற்கு நல்லது. வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது எனக்குப் போதவில்லை. 1958இல் கோஷ்லண்ட் முன்வைத்த தூண்டப்பட்ட பொருத்தம்தான் உதவியது: கீழ்ப்படை சேரும்போது நொதியமும் வடிவம் மாறி அதை இறுகப் பிடிக்கிறது. அந்தப் பிடியில் சர்க்கரை வளையம் வளைந்து, உடையவேண்டிய பிணைப்பு உடையும் நிலைக்குக் கிட்ட வந்துவிடுகிறது. மீதிக்குத் தேவையான சக்தி கொஞ்சம்தான். ஏவற்சக்தி குறைவது இப்படித்தான். நொதியம் இல்லாவிட்டால் இதே மாப்பொருளை உடைக்க அமிலம் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும்.

ஆகவே செய்முறைக் கொப்பியில் நேரங்களை எழுதியதும் குழாய்களைக் கழுவிவிடாதீர்கள். நீலமாக நின்ற இரண்டையும் 37க்கு மாற்றி இன்னும் சில துளிகள் பாருங்கள்.