வேலை நேரத்தில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்: எதைப் பூட்டுவது, எதை விடுவது

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையானாலும் ஐந்து ரோடு அலுவலகமானாலும், "வைஃபையில் ஃபேஸ்புக்கைத் தடுத்துவிட்டால் போதும்" என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அது போதாது. ஊழியர் சட்டைப்பையில் சொந்த டேட்டா இருக்கிறது. ரவுட்டரில் போடும் பூட்டு கம்பெனி இணைப்பில் இருக்கும் சாதனங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

எனவே தடை செய்யலாமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வேலைக்கு எந்தத் தடை என்று பிரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விசைத்தறிக் கூடத்தில் போனே கையில் இருக்கக் கூடாது. இதில் சமரசம் வேண்டாம். சாதாரண தறியில் பாவு இழை (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்தால் தறி தானாக நிற்காது, ஆள் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் துணியில் நீளக்கோடு விழுந்துவிடும், அந்தத் துணி கழிவு விலைக்குத்தான் போகும். காதில் இயர்போன் இருந்தால் தறியின் சத்தம் மாறுவதும் தெரியாது. கேஸ் தீயில் கொலுசு பற்றவைப்பவருக்கும் இதே விதிதான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எஸ்டேட் ஜீப் ஓட்டுபவருக்குக் கூடுதலாக ஒன்று: அவர் மலையேறும் நேரத்தில் முதலாளியே அவரைக் கூப்பிடக் கூடாது.

போனை வாங்கி வைப்பதென்றால் எண் போட்ட பெட்டி வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட ஒரு பொது எண்ணும் வேண்டும். அந்த எண்ணை எல்லார் வீட்டுக்கும் கொடுத்து, எடுக்க ஒரு ஆளையும் வைக்காவிட்டால் விதி இரண்டு வாரம்கூட நிற்காது. குழந்தைக்குக் காய்ச்சல் என்ற செய்தி மாலைதான் கிடைத்தது என்றால் யார்தான் பொறுப்பார்கள்?

ஆர்டர் வாங்கும் மேஜையில் நிலைமை தலைகீழ். கொலுசு டிசைன், எடை, அளவு எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அதைப் பூட்டினால் வியாபாரமே நின்றுவிடும். கம்பெனி பெயரில் தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, அதைக் கம்ப்யூட்டரில் இணையுங்கள். ஒரு கணக்கில் முதன்மை போன் போக 4 சாதனங்கள் வரை இணைக்கலாம். முதன்மை போனை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைப்புகள் அறுந்துவிடும், அதனால் அதை அலமாரியில் போட்டு மறக்க வேண்டாம். ஊழியரின் சொந்த எண்ணில் ஆர்டர் வாங்க விடாதீர்கள். அவர் வேலையை விட்டால் வாடிக்கையாளர் பட்டியலும் அவரோடு போய்விடும். பட்டறையின் புது டிசைன் ஸ்டேட்டஸில் ஏறுவதும் பெரும்பாலும் சொந்த போனிலிருந்துதான். நேரம் வீணாவதைவிட இந்த நஷ்டம் பெரிது.

ஏற்காடு விடுதிகளில் முன்பதிவு விசாரணை இன்ஸ்டாகிராமிலும் வரும், கோடை விழா சமயத்தில் இன்னும் அதிகம். வரவேற்பு மேஜையில் அதைத் திறந்தே வையுங்கள்.

கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் தடை நியாயம்தான். தளங்களை வடிகட்டித் தரும் ஓப்பன்டிஎன்எஸ் சேவையின் முகவரியை (208.67.222.222) ரவுட்டரில் போட்டு, சமூக வலைத்தளப் பிரிவைத் தடுக்கலாம். பலர் தடுமாறுவது இங்கேதான். அந்தச் சேவை உங்கள் இணைப்பை அடையாளம் காண்பது ஐபி என்ற இணைய முகவரி எண்ணை வைத்துத்தான்; அது மாறினால் உங்கள் தடைப் பட்டியல் வேலை செய்யாது. பல வீட்டு ஃபைபர் இணைப்புகளில் ஒரே ஐபியைப் பலர் பகிர்வதால், பட்டியல் உங்களுக்கென்று ஒட்டவே ஒட்டாது. தள முகவரியை வேறு சேவையிடம் நேரடியாகக் கேட்கும் 'செக்யூர் டிஎன்எஸ்' வசதி பிரவுசரில் இயங்கினாலும், அது ரவுட்டரில் போட்ட தடையைத் தாண்டிப் போய்விடும். ஊழியருக்கு அட்மின் உரிமை இல்லாத விண்டோஸ் கணக்கைக் கொடுத்து, குரோம் பிரவுசரின் நிர்வாகக் கொள்கையில் (ஊழியரால் மாற்ற முடியாத அமைப்பில்) அந்தத் தளங்களைத் தடுப்பது இதைவிட உறுதியானது. தடுத்த பிறகு வாட்ஸ்அப் வெப் திறக்கிறதா, படங்கள் இறங்குகின்றனவா என்று அன்றே சோதியுங்கள்.

விதியைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இடைவேளையில் போன் அவரவர் விருப்பம் என்பதும் அதில் இருக்கட்டும். கம்பெனி கம்ப்யூட்டரில் பார்வையிடும் தளங்கள் பதிவாகும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொந்த போனை வாங்கித் திறந்து பார்ப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

ஒருவர் வேலையை விட்டு விலகும் நாளிலேயே கம்பெனி வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து அவருடையதை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான 6 இலக்க ரகசிய எண்ணையும் (PIN) மாற்றிவிடுங்கள்.