ரோடு நம்பர் போட்டு எழுதுங்க

அமெரிக்காவில் நேஷனல் ஃபாரஸ்ட் எனப்படும் அரசுக் காடுகளுக்குள் ஜீப்போ டர்ட் பைக்கோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கையில் ஒரு வரைபடம் இருந்தாக வேண்டும். மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் என்று பெயர். பார்க்க லட்சணமாக இருக்காது. கறுப்பு வெள்ளை, பொடி எழுத்து, மேடு எது பள்ளம் எது என்று ஒன்றும் புரியாது, வெறும் கோடுகளும் ரோடு நம்பர்களும்தான். ரேஞ்சர் ஆபீஸில் இலவசமாகத் தருவார்கள், போனிலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த அசிங்கமான தாள்தான் சட்டம். அதில் கோடு இருந்தால் போகலாம், இல்லையென்றால் போகக் கூடாது, எதிரே நன்றாக ஓடித் தேய்ந்த மண் ரோடு கிடந்தாலும் சரி, தடுப்போ பலகையோ எதுவும் இல்லாவிட்டாலும் சரி. "போர்டு வைக்கவில்லையே" என்று ரேஞ்சரிடம் சொல்வதில் ஒரு பயனும் இல்லை.

அந்தக் கோடுகளைப் போடும்போது பொதுமக்களைக் கேட்கிறார்கள். உண்மையாகவே கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் வந்து, நானும் ஒரு பழைய ராங்ளர் ஜீப் வாங்கி, சியரா நெவாடா மலையில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இது தெரியும். நம் ஊரில் காப்புக்காடு என்றால் உள்ளே கால் வைக்கவே அனுமதி வேண்டும், அந்தப் பழக்கத்தில் இங்கே இருக்கிற நம்மவர்கள் பலரும் "அவங்க என்ன சொல்றாங்களோ அதான்" என்று விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை என்பதற்காகத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்.

முதலில் கதை. 1972இல் அதிபர் நிக்ஸன் ஓர் ஆணை போட்டார், எண் 11644. அரசு நிலத்தில் வண்டி ஓடும் தடங்களையும் பகுதிகளையும் துறைகள் முறையாக வரையறுக்க வேண்டும், வரையறுக்கும்போது மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் செடிகொடிகளுக்கும் வரும் சேதம், விலங்குகளுக்கு வரும் தொந்தரவு, மற்றவர்களோடு வரும் உரசல் இதெல்லாம் குறைந்தபட்சமாக இருக்கும்படி செய்ய வேண்டும், மக்கள் பங்கெடுக்க வாய்ப்பும் தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 1977இல் கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார், பெரிய சேதம் நடக்கிற தடத்தை உடனே மூடலாம் என்று. ஆனால் ஆணை இருந்ததே தவிர, பல காடுகளில் நடைமுறை பழையபடிதான்: மூடியிருக்கிறது என்று சொல்லாத இடமெல்லாம் திறந்த இடம். விறகு எடுக்கப் போனவர் ஒரு தடம், வேட்டைக்குப் போனவர் ஒரு தடம், சேற்றுக்குழியைச் சுற்றிப் போனவர் ஒரு தடம். ஒவ்வொரு வருஷமும் புதுசு புதுசாகக் கிளை பிரிந்துகொண்டே போனது.

2003இல், இந்தக் காடுகளை நிர்வகிக்கிற ஃபாரஸ்ட் சர்வீஸின் தலைவர் டேல் பாஸ்வொர்த், காடுகளுக்கு நான்கு பெரிய ஆபத்துகள் என்று பட்டியல் போட்டார். தீ, அந்நியச் செடிகள், திறந்தவெளி சுருங்குவது, நான்காவது கட்டுப்பாடில்லாத பொழுதுபோக்கு. நான்காவது என்று சொல்லும்போது யாரை மனதில் வைத்திருந்தார் என்று ஜீப் வைத்திருக்கிற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 2005 நவம்பரில் டிராவல் மேனேஜ்மெண்ட் விதி வந்தது. அதோடு கணக்கு தலைகீழானது: திறந்தது என்று வரைபடத்தில் போடாத எல்லாமே மூடியது. எந்தத் தடம், எந்த வகை வண்டி, வருஷத்தில் எந்த மாதங்கள் என்று ஒவ்வொரு காடும் முடிவு செய்ய வேண்டும். மொத்தம் 19.3 கோடி ஏக்கர், கணக்கில் இருக்கிற ரோடு மட்டும் சுமார் 3,70,000 மைல். இதையெல்லாம் கோடு கோடாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் எவ்வளவு கூட்டம் போட்டிருப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் என்றதும் மேடை, மைக், வரிசையாகப் பேசுகிறவர்கள் என்று நினைத்துத்தான் நான் முதல் தடவை போனேன். ஒரு சின்ன ஊரின் சமுதாயக் கூடம். மைக்கே கிடையாது. நீள மேஜைகளில் பெரிய பெரிய வரைபடங்கள், ஒவ்வொரு மேஜைக்கும் ஓர் அலுவலர், பக்கத்தில் கலர் பேனாவும் ஒட்டுச் சீட்டும். போய் நின்று, விரலை வைத்து, "இந்த ரோடு இங்கே பாலத்துக்கு அப்புறம் இப்படித் திரும்பாது" என்று சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். இதில் ஒரு நல்லது, கத்துகிறவன் கூட்டத்தைக் கைப்பற்ற முடியாது. ஒரு கெட்டது, எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது என்று நமக்குக் காதில் விழவே விழாது. அதே தடங்களில் குதிரையில் போகிறவர் மூன்றாவது மேஜையில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் சொன்னது அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் அரைமணி நேரம் நேருக்கு நேர் பேசியிருந்தால் பாதித் தகராறு அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஜீப் கிளப்காரர்கள் வந்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒவ்வொரு தடத்தையும் ஜிபிஎஸ்ஸில் ஓட்டிப் பதிவு செய்து, ஓடையைக் கடக்கும் இடங்களில் போட்டோ எடுத்து, எந்த கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய்) அடைத்திருக்கிறது, எங்கே தண்ணீர் ரோட்டு மேலேயே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று ரோடு நம்பர் வாரியாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அலுவலர் அந்தத் தாளை வாங்கின விதத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்களிடமே அந்தத் தகவல் இல்லை. ஒரு ரேஞ்சர் மாவட்டத்துக்கு நாலைந்து பேர் வேலை செய்கிற இடத்தில் எல்லா கல்வெர்ட்டையும் யார் போய்ப் பார்ப்பது.

இங்கேதான் பலருக்கும் புரியாத விஷயம் வருகிறது. கருத்துக் கேட்பது வாக்கெடுப்பு இல்லை. ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், அதில் இருக்கும் வாதம் ஒரு வாதமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இத்தனை பேர் அனுப்பினார்கள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வரும், அவ்வளவுதான். 2001இல், ரோடில்லாத காட்டுப் பகுதிகளில் புது ரோடு போடுவதைத் தடுக்கும் விதி வந்தபோது 16 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் வந்தன, பெரும்பகுதி அச்சுக் கடிதம். நாட்டுக்கே பொதுவான கொள்கைக்கு அது ஓர் அரசியல் பலம், சரி. ஆனால் ஒரு காட்டில் ஒரு தடம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அது உதவாது. "ஆஃப்-ரோடு எங்கள் உரிமை" என்பதும் "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்பதும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். "இந்த நம்பர் ரோட்டில், இந்த ஓடைக்குக் கிழக்கே, மே மாதக் கடைசி வரை ஈரம் காய்வதில்லை, அதுவரை மூடி வையுங்கள், ஜூனில் திறங்கள்" என்று எழுதினால் அதை அவர்கள் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

ஈரப் புல்வெளி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சியராவில் பாதி வழக்கு அதைச் சுற்றித்தான். மலை மேலே பனி உருகின தண்ணீர் புல்வெளியின் மண்ணுக்குள் பரவி நிற்கும். அதில் ஒரு வண்டி போனால் சக்கரத் தடம் பதியும், அடுத்த வண்டியும் அதே தடத்தில் போகும், ஆழமாகும். அப்புறம் அந்தத் தடமே வாய்க்கால். பரவி நிற்க வேண்டிய தண்ணீர் அதில் வடிந்து ஓடிவிடும், நிலத்தடி மட்டம் இறங்கும், கோரை காயும், ஓரத்திலிருந்து பைன் கன்றுகள் உள்ளே வர ஆரம்பிக்கும். யோசமிட்டி தேரை என்று ஒன்று, இந்த மாதிரிப் புல்வெளியின் ஆழமில்லாத தண்ணீரில்தான் முட்டையிடும், 2014 முதல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் தெரியாது, அவனுக்கு அது கொஞ்சம் சேறு, அவ்வளவுதான்.

எல்டொராடோ நேஷனல் ஃபாரஸ்டில் 2008இல் பெரிய திட்டம் போட்டு முடித்தார்கள். புல்வெளியைக் கடக்கிற தடங்கள் அந்தக் காட்டின் சொந்த விதிக்கே பொருந்தவில்லை என்று பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றம் போக, 2012இல் 42 தடங்கள் மூடப்பட்டன. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆராய்ந்து, சிலவற்றை நேரே திறந்தார்கள், மற்றவற்றைப் பழுது பார்த்த பிறகுதான் திறப்போம் என்றார்கள். ஜீப்காரர்களுக்குக் கோபம். எனக்கும் பிடித்த தடங்கள் அதில் இருந்தன. ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்த வேலையை 2008க்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். புல்வெளி ஈரமாக இருக்கிறது என்று அங்கே ஓட்டின எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். சொன்னால் மூடிவிடுவார்களோ என்று யாரும் வாயைத் திறப்பதில்லை.

நீதிமன்றங்களும் இதே இடத்தில்தான் பிடிக்கின்றன. 2011இல் ஐடஹோவின் சாமன்-சாலிஸ் காட்டுத் திட்டம் மாட்டியது. 2015இல் மொன்டானாவின் பீவர்ஹெட்-டீர்லாட்ஜ் காடு, 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிக்குத் திறந்துவிட்ட திட்டம், ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மாட்டியது. இரண்டிலும் சாரம் ஒன்றே: சேதத்தைப் பற்றி யோசித்தோம் என்று எழுதினால் போதாது, அந்த 1972 ஆணை சொன்னபடி எப்படிக் குறைத்தீர்கள் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்கு அவர்களுக்குத் தேவை தடம் வாரியான தகவல். அது நம்மைப் போல வாராவாரம் அங்கே போகிறவர்களிடம்தான் இருக்கிறது.

ருபிகான் டிரெயில் பற்றி ஒரு வார்த்தை. லூன் லேக் பக்கத்திலிருந்து டாஹோ ஏரிக்குப் போகிற பாறைத் தடம், உலகம் முழுக்க ஜீப்காரர்களுக்குத் தெரியும். 2009இல் தண்ணீர்த் தர வாரியம் எல்டொராடோ கவுண்டி நிர்வாகத்துக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸுக்கும் சுத்தப்படுத்தச் சொல்லி ஆணை போட்டது. மண் அரிப்பு, சிந்தின ஆயில், மனித மலம். அப்போது எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். தன்னார்வலர்கள் இறங்கினார்கள், மலப் பை கொடுத்தார்கள், ஆயில் உறிஞ்சும் பொருட்களை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், தண்ணீர் ரோட்டை விட்டு வெளியே வடிய வேலை செய்தார்கள். தடம் இன்றும் திறந்திருக்கிறது. கூட்டத்தில் கத்தினதால் இல்லை.

வண்டி அகலம் இன்னொரு தலைவலி. 50 அங்குலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு என்று ஒரு வகை வரைபடத்தில் உண்டு. பழைய நாலு சக்கர ஏடிவிக்குப் பொருந்தும். இப்போது விற்கிற, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சைடு-பை-சைடு வண்டிகள் பல 64 அங்குலம், அதற்கும் மேலே. கடைக்காரர் விற்றுவிடுவார், வாங்கினவர் அந்தத் தடத்தில் போய் இரண்டு பக்கமும் மரத்தை உரசிக்கொண்டு தானே அகலப்படுத்துவார். வண்டி செய்கிற கம்பெனி அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காடும் கூடவே அகல வேண்டுமா? நான் இதில் வண்டிக்காரர்கள் பக்கம் இல்லை.

யார் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சாக்ரமெண்டோவில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஹமாங் மக்கள் நிறைய இருக்கிறார்கள், பல குடும்பங்கள் வேட்டைக்கு இதே ரோடுகளில்தான் போகின்றன. நான் போன கூட்டங்களில் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. விறகுக்காரர்களும் இல்லை. ஒரு குறுக்கு ரோட்டை மூடினால் கிளப்காரனுக்கு ஒரு பொழுதுபோக்கு குறையும், இவர்களுக்கு ஒரு குளிர்கால விறகு போகும். வாரநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கிலீஷில் மட்டும் கூட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். பழங்குடி அரசுகள் தனி. அவர்களோடு அரசுக்கு அரசு என்ற முறையில் தனிப் பேச்சு, அது பொதுக் கருத்தில் சேராது, சேரவும் கூடாது.

சரி, எழுத நினைக்கிறவர்களுக்கு. ஆரம்பத்திலேயே எழுதுங்கள், ஸ்கோப்பிங் (எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று கேட்கும் முதல் கட்டம்) என்று அறிவிப்பு வரும்போதே. வரைவு வந்த பிறகு வரைபடம் இறுகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: இறுதி முடிவுக்கு முன்னால் ஆட்சேபனை போட 45 நாள் தருவார்கள், ஆனால் முன்பே காலத்தில் எழுத்தில் கருத்துச் சொன்னவர்கள்தான் போட முடியும், அதுவும் பெரும்பாலும் அன்றைக்குச் சொன்ன விஷயத்தில்தான். பெயர் போடாமல் எழுதினால் படிப்பார்கள், ஆட்சேபனைக்கு உதவாது. பெயர் போட்டால் அது பொது ஆவணம், யாரும் பார்க்கலாம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூலையில் வேளாண் துறை, ஃபாரஸ்ட் சர்வீஸ் அதன் கீழேதான் வருகிறது, சுற்றுச்சூழல் ஆய்வுக்கான தன் விதிகளை மாற்றி எழுதியது. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் அதில் நிறையத் தளர்ந்திருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் சிலருக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. கேட்காமல் திறக்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்காமல் மூடவும் தெரியும்.

வரைபடத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள், அதனால் திட்டம் எதுவும் நடக்காத காலத்திலும் ரேஞ்சர் மாவட்டத்துக்கு எழுதலாம். அடுத்த வாரம் நான் அனுப்பப்போவது ஒரே ஒரு கல்வெர்ட்டைப் பற்றி. நீங்கள் போகிற ரோட்டில் ஏதாவது இருந்தால் நம்பர், இடம், தேதி, ஒரு போட்டோ போதும், எனக்கு அனுப்பினால் எப்படி எழுதுவது என்று உதவுகிறேன்.