ஒலியை மட்டும் நிறுத்துங்கள்

"தம்பி, படம் போகட்டும். ஒலியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள்."

பாரிஸிலிருந்து அழைத்தவர் இறந்துபோன அம்மாவின் ஒரே மகன். நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு மைக்கின் ஒலியைக் கீழே இறக்கினேன். அவர் கேட்டுக்கொண்டபடி அதன் இடத்தில் ஒரு புல்லாங்குழல் இசையை ஓடவிட்டேன். பிணம் எடுக்கும்வரை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பிரான்சில் இருந்தவர்கள் அதைப் புல்லாங்குழலோடு பார்த்தார்கள்.

சாவு வீட்டு நேரலை என் பிழைப்பு. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

இந்த ஊரில் எங்களுக்கு ஏன் இவ்வளவு வேலை என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் முறைப்படி நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பங்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். வயதானவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிற்பகல் 3 மணிக்குப் பிணம் எடுத்தால் கோடையில் அங்கே காலை 11.30. அலுவலகத்தில் இருப்பவர்கள்கூடக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண நேரலையில் ஒலியை நிறுத்தச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில் அடிக்கடி சொல்கிறார்கள். அதனால்தான் யோசிக்காமலே "சரி சார்" வந்தது.

ஒப்பாரியைப் பதிவு செய்வது எளிதல்ல. ஐஸ் பெட்டியின் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும். வாசலில் பறை. சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகளை இழுக்கும் ஓசை. பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு தலைகுனிந்து அழுவதால் குரல் தரையை நோக்கித்தான் போகும். அதனால் நான் மைக்கைக் குத்துவிளக்கின் அடியில், தரையோடு தரையாக வைத்துவிடுவேன். அன்று ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தவர் இறந்தவரின் தங்கை. எழுபதைக் கடந்தவர். முதல் வரியைத் தாழ்ந்த குரலில் சொல்வார், இரண்டாம் வரியை மேலே ஏற்றுவார், கடைசியில் "என் அக்கா" என்று இழுக்கும்போது ஒலிமானியின் முள் சிவப்பைத் தொடும். நடுவில் ஒரு முறை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அந்தக் குழந்தை ஒயரை மிதிக்கிறது, தூக்குங்கள்" என்று சாதாரணக் குரலில் சொன்னார். சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து, விட்ட அதே சுருதியில் அடுத்த வரியை எடுத்தார். இதைப் பார்த்துத்தான் சிலர் ஒப்பாரியை நடிப்பு என்கிறார்கள். நான் ஹெட்போனில் கேட்டவன். அந்த மூச்சு இரைப்பு நடிப்பில் வராது.

முதலில் அக்காவின் பிறந்த வீட்டைப் பாடினார். பிறகு அவர் ஊருக்கெல்லாம் கொடுத்த கையை, கணவரின் பென்ஷன் பணத்தில் கட்டிய வீட்டை, அந்த வீட்டின் பின்கட்டில் தங்கைக்கு ஓர் அறை கொடுத்ததை. பிறகு பாட்டு மகன் பக்கம் திரும்பியது. "கொள்ளிக்குடம் கனக்குமென்றோ கடலுக்கப்பால் நின்றுவிட்டான், என் அக்கா." சுற்றியிருந்த பெண்கள் அந்த வரியில் ஓங்கி அழுதார்கள். பங்காளி முறையில் கொள்ளி வைக்க வந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கைப்பேசி அடித்தது அதன் பிறகுதான்.

ஆகவே, எந்த வரி அந்த அழைப்பைக் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

நான் சரி சொன்ன பிறகு அவராகவே இன்னொன்றையும் சொன்னார். அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. விமானத்தில் ஏறக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. "அம்மாவுக்குச் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்." வராத காரணம் அவ்வளவு நியாயமானது. அப்படிப்பட்டவர் தையல்கூட ஆறாத நெஞ்சோடு உட்கார்ந்து, பிள்ளைகள் முன்னால் அந்த வரியைக் கேட்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இந்தக் காரணம் தெரிவதற்கு முன்பே என் விரல் ஒலியை இறக்கிவிட்டது. பின்னால் கிடைத்த நியாயத்தை முன்னால் செய்த செயலுக்குப் போர்த்துகிறேனோ என்ற சந்தேகம் போகவில்லை.

கருவடிக்குப்பம் மயானத்துக்கு ஊர்வலம் போய்விட்டது. வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒப்பாரியை எடுத்துக் கொடுத்த ஆயா என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் அழுதது அவனுக்குக் கேட்டதா?"

"கேட்டது, ஆயா."

"என்ன சொன்னான்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அழுதார்."

"அழட்டும்" என்றார். உள்ளே போய்விட்டார்.

கேட்டது என்று நான் சொன்னது பொய்யில்லை. அந்த வரி அவருக்குக் கேட்டது. அதனால்தானே அழைத்தார். அழுதார் என்றது? அழைப்பில் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கரகரத்திருந்தது. அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் நினைக்கிறேன். ஆனால் "அழட்டும்" என்ற அந்த ஒரு சொல்லில் இருந்தது கோபமா, இரக்கமா? தண்டனை போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிறைவா, அல்லது தாயை இழந்த பிள்ளை அழுதால்தான் ஆறும் என்ற தாய்மனமா? பதிவு செய்யும் தொழிலில் இருப்பவன் நான், அந்த ஒரு சொல் மட்டும் பதிவாகவில்லை. மைக்கை அப்போதுதான் கழற்றியிருந்தேன்.

இதற்குப் பிறகுதான் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அழுகையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். ஒப்பாரியின் சத்தத்தை நிறுத்தச் சொன்னவர்கள் என் வாடிக்கையாளர்கள் மட்டுமில்லை என்று தெரிந்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸில் சோலோன் சட்டமே போட்டிருக்கிறார்: இழவில் பெண்கள் உடலைக் கீறிக்கொள்ளக் கூடாது, கட்டிய புலம்பல்களைப் பாடக் கூடாது. கி.மு. 450-ஐ ஒட்டி எழுதப்பட்ட ரோமின் பன்னிரு பலகைச் சட்டத்திலும் பெண்கள் கன்னத்தைக் கீறவும் இழவில் ஓலமிடவும் தடை இருக்கிறது. பெண்களின் புலம்பல் குடும்பங்களுக்கு இடையே பழைய பகையைக் கிளறிவிடும் என்ற அச்சம் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் பயந்தது வீணில்லை. பிரான்சுக்கே சொந்தமான கோர்சிகா தீவில் பெண்கள் பிணத்தைச் சுற்றி நின்று வொச்சேரு என்ற புலம்பலைப் பாடியிருக்கிறார்கள். கொலையுண்டவனின் வீட்டில் அது பழிவாங்கச் சொல்லும் பாட்டாகவே இருந்திருக்கிறது. பாரிஸிலிருந்து அழைத்தவரின் பிள்ளைகள் வளரும் நாட்டிலும் ஒரு காலத்தில் இந்தச் சத்தம் இருந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கலாமோ? சாவு வீட்டில் கேமராக்காரன் சொல்லும் பேச்சா அது.

நம் பக்கம் அழுகையை இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ எளியவராகிப் போவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது, இல்லாமை. இதைப் படித்தபோது எனக்கு ஆயாவின் பாட்டு வரிசையாக நினைவுக்கு வந்தது. அக்கா செத்துப்போனது ஒரு பகுதிதான். அந்தப் பின்கட்டு அறை இனி யாருடையது? மாதா மாதம் அக்கா கொடுத்த பணம்? மகன் வராத வீட்டில் ஊர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது? நான்கும் அந்தப் பாட்டில் இருந்தன. நேரலையில் பார்த்தவர்களுக்கு இழவு மட்டும், அதுவும் புல்லாங்குழலோடு, போய்ச் சேர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் சண்டையாகிவிடும் பேச்சை ஒப்பாரியில் சொல்லிவிடலாம், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு நாள் அனுமதியை நான் ஒரு விரலால் பறித்தேனா?

வள்ளுவரிடம் போனால் இரண்டு பக்கமும் பேசுகிறார். அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்பது 555-ஆம் குறள். பகைவர் தொழுத கைக்குள் ஆயுதம் ஒளிந்திருக்கும், அவர்கள் அழுத கண்ணீரும் அப்படித்தான் என்பது 828. கண்ணீர் ஆயுதம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அந்தப் பிற்பகலில் அது நெஞ்சைக் கிழித்துத் தைத்திருந்த ஒரு மனிதரை நோக்கிப் போனது. இடையில் நான் இருந்தேன்.

சத்தமில்லாமல் அழுவது வெளிநாட்டு வழக்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. நான் வேலைக்குப் போகும் முஸ்லிம் வீடுகளில் கண்ணீருக்குத் தடையில்லை, ஓலமிடுவதைத்தான் பெரியவர்கள் விரும்புவதில்லை. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகமே கண்ணீர் விட்டார் என்று ஹதீஸ் சொல்கிறது. கத்தோலிக்க வீடுகளில் இரவு முழுவதும் ஜெபமாலை ஓடும். "கண்ணீர்க் கணவாயிலே" என்ற வரி வரும்போது சேர்ந்து சொல்லும் குரல்கள் சற்றே இடறும், அவ்வளவுதான். அந்த வீடுகளில் துக்கம் குறைவு என்று எந்தக் கேமராக்காரனும் சொல்ல மாட்டான். ஆகவே மகன் கேட்டது இந்த மண்ணுக்குப் பொருந்தாத கோரிக்கை இல்லை.

இப்படி நான் சமாதானம் ஆகும் நேரத்தில் என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிறந்த நிமிடத்திலிருந்து வீறிட்டு அழுதது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சில வாரங்கள் கழித்துத்தான் அழும்போது கண்ணீர் வரும் என்று மருத்துவமனையில் செவிலியர் சொன்னார். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தானாம். மனிதன் முதலில் பெறுவது சத்தம், நீர் பிறகு வருகிறது. சத்தம் ஆளைக் கூப்பிடுவதற்காக இருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து, படம் போதும் என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு தயக்கம் வந்துவிட்டது.

தயக்கம் வந்ததே தவிர வழக்கம் மாறவில்லை. இனி ஒலியை நிறுத்த மாட்டேன், முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்தேன். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படிச் சொல்லவும் சொன்னேன். நேரலை தொடங்கியதும் லியோனிலிருந்து ஒரு பெண் அழைத்து, கர்ப்பமாக இருக்கிறேன், கேட்க முடியவில்லை அண்ணா என்றார். இறக்கிவிட்டேன். மறுபடியும் அப்படி யாராவது கேட்டால் மறுபடியும் இறக்குவேன் என்றே தோன்றுகிறது.

நேரலைக்குப் போகும் ஒலியைத்தான் இறக்குகிறேன். கேமராவின் அட்டையில் எல்லாம் பதிவாகிவிடும். வழக்கமாகச் சில மாதங்களில் அழித்துவிடுவோம். முத்தியால்பேட்டைப் பதிவை அழிக்கவில்லை. உடல் தேறி, முதலாண்டுத் திதிக்கு அந்த மகன் குடும்பத்தோடு வருகிறார். படம் எடுக்க என்னையே அழைத்திருக்கிறார். ஆயா அதே பின்கட்டில்தான் இருக்கிறார், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழு ஒலியோடு இரண்டு பென்டிரைவ்களில் பிரதி எடுத்துவிட்டேன். கேட்டால் கொடுப்பது என்றிருந்தேன். இப்போது, கேட்காவிட்டாலும் ஒன்றை அந்த மகனிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறாள்.