எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே இறக்கினேன்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நிற்கும் பழைய மாருதி 800-இன் கிளட்ச், எஞ்சினின் சுழற்சியை முழுதாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தாமல், வழுக்கத் தொடங்கியது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில் ஆயிலும் சொட்டியது. கிளட்ச் வேலைக்குக் கியர் பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்குவதுதான் ஒர்க் ஷாப் வழக்கம் என்றாலும், காரை உயர்த்தும் லிஃப்ட் இல்லாத வீட்டில், மல்லாந்து படுத்தபடி அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு கியர் பாக்ஸிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்டைக் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் நுழைப்பது ஆபத்தான வேலை. குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கும் இந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினோ, பானெட்டையும் ரேடியேட்டரையும் கழற்றிவிட்டால், கியர் பாக்ஸோடு சேர்ந்தே மேல்வழியாக வந்துவிடும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, கூலண்டை வடிக்க வேண்டும். என்னுடையது கார்புரேட்டர் வண்டி என்பதால் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் வரும் குழாய், திரும்பிப் போகும் குழாய் என்று ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதினேன். கைபேசிப் படத்தை மட்டும் நம்பினால், எல்லாமே கறுப்புக் குழாய்களாகத்தான் தெரியும்.

நிதானம் வேண்டிய இடம், கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட். கியர் ஆயிலை வடிக்காமல் உருவினால் தரையெல்லாம் ஆயிலாகிவிடும். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் உள்ளுக்குள் பிரிந்துவிடக்கூடும் என்பதால், கியர் பாக்ஸுக்கும் ஜாயிண்டுக்கும் இடையே லிவரைக் கொடுத்து நெம்ப வேண்டும்; உள்முனையைப் பிடித்திருக்கும் வளையம் ‘டக்’கென்று விடுபடும். அப்போது ஷாஃப்டின் பற்கள் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலின் மெல்லிய உதட்டைக் கீறிவிடாமல் நேராக உருவ வேண்டும். எப்படியும் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் புது சீல் வாங்கிப் போடுவதே நல்லது.

வீட்டு உத்தரத்தில் சங்கிலி கட்டித் தூக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வாடகைக்கு எஞ்சின் கிரேன் எடுத்தேன். துணைக்கு வந்த மெக்கானிக் அண்ணன், “ஒரு இஞ்ச் தூக்கி நிறுத்துங்க சார், சுத்திப் பாத்துட்டு அப்புறம் தூக்கலாம்” என்றார். கியர் பாக்ஸின் எர்த் பட்டை, ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் ஒயர் ஆகிய மூன்றும் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாதவை. அவை விடுபட்டிருப்பதைப் பார்த்த பிறகு, கியர் பாக்ஸ் பக்கம் தாழும்படி சாய்த்து உயர்த்தினோம்.

பழைய டயர் மேல் இறக்கி இரண்டையும் பிரித்தபோது காரணம் விளங்கியது: கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் கசிந்து, கிளட்ச் பிளேட் ஆயிலில் ஊறியிருந்தது. புது பிளேட்டை நடு மையத்தில் நிறுத்தி, கண்ணெதிரே சரிபார்த்தபடி, தரையிலேயே கியர் பாக்ஸைப் பூட்டினோம்.