டூனா பாஸ்தா கேஸரோல்: சாஸ் தளர்வாக இருக்கட்டும்

பேக்கிங் அவனில் வைத்த பாஸ்தா வறண்டு கெட்டியாகி, கத்தியால் வெட்டி எடுக்கும் நிலைக்கு வருவதுதான் டூனா பாஸ்தா கேஸரோலைப் பற்றி அடிக்கடி வரும் புகார். டின் சூரை மீனையும் (டூனா) பாஸ்தாவையும் சாஸில் கலந்து, ஒரே பாத்திரத்தில் வைத்துச் சுடும் உணவு இது. பெரும்பாலும் அவன் மீதோ சீஸ் மீதோ பழி போடுகிறார்கள். உண்மையில் அது தண்ணீர்க் கணக்கு. அரைகுறையாக வெந்த பாஸ்தா, அவனுக்குள் போன பிறகும் சாஸிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வைக்கும்போதே சாஸ் சரியான பதத்தில் இருந்தால், வெளியே எடுக்கும்போது அது பதம் தாண்டியிருக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

டூனா நூடுல் கேஸரோல் அமெரிக்க மத்தியதர வீடுகளின் வார நாள் சாப்பாடு. 1903-இல் கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவில், மத்தி வரத்து குறைந்த சமயத்தில், மத்தி டின் போட்டுக்கொண்டிருந்த ஆலை ஆல்பகோர் டூனாவை டின்னில் அடைக்கத் தொடங்கியது. 1934-இல் கேம்பெல்ஸ் நிறுவனம் காளான் கிரீம் சூப்பை டின்னில் கொண்டுவந்தது. இரண்டு டின்னைத் திறந்து, வேகவைத்த முட்டை நூடுல்ஸோடு கலந்து, அவனில் வைத்தால் வேலை முடிந்தது. மினசோட்டா பக்கம் இந்த வகை உணவுகளை ‘ஹாட்டிஷ்’ என்பார்கள். ஆஸ்திரேலியாவில் இதன் நெருங்கிய உறவு ‘டூனா மோர்னே’.

சூப் டின் கிடைத்தால் அதிலேயே செய்யலாம், தப்பில்லை. 298 கிராம் டின் ஒன்றுக்கு அரை கப் பால் சேர்த்தால் சுமார் 115 கிராம் நூடுல்ஸுக்குத்தான் போதும். கால் கிலோ பாஸ்தாவுக்கு ஒரே டின்னை ஊற்றிவிட்டு வறண்டுபோனதே என்று வருத்தப்படக் கூடாது. நான் கீழே சொல்வது மாவும் பாலும் சேர்த்து வீட்டிலேயே செய்யும் சாஸ். சூப் டின்னின் உப்பும் இல்லை, பதமும் நம் கையில் இருக்கும்.

ஆறு பேருக்கான அளவு இது. பாஸ்தா 250 கிராம். டூனா 185 கிராம் டின் இரண்டு. வெண்ணெய் 50 கிராம், மைதா 40 கிராம், பால் 750 மில்லி. செடார் சீஸ் துருவியது 150 கிராம். பட்டன் காளான் 200 கிராம், பச்சைப் பட்டாணி 100 கிராம், நடுத்தர வெங்காயம் ஒன்று, செலரி கிடைத்தால் ஒரு தண்டு. கடுகு பேஸ்ட் ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன். மேல் அடுக்குக்கு ரொட்டித்தூள் 50 கிராம், உருக்கிய வெண்ணெய் 20 கிராம். எல்லாவற்றுக்கும் சுமார் 3 லிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் போதும்.

அமெரிக்கக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் டின் அளவைக் கவனியுங்கள். இன்று அங்கே வழக்கமான டின் 142 கிராம். முன்பு 170 கிராம், அதற்கும் முன் ஏறக்குறைய 200 கிராம். பழைய குறிப்பில் ‘ஒரு டின்’ என்றிருந்தால் இன்றைய டின் ஒன்று காணாது. நீரை வடித்த பிறகு மீன் எவ்வளவு தேறுகிறது என்பதுதான் கணக்கு. இந்த அளவுக்கு 240 முதல் 280 கிராம் வரை தேற வேண்டும்.

எந்த டூனா வாங்குவது? டின்களில் பொதுவாக இரண்டு இனங்கள். ஆல்பகோர் வெளுப்பாக, கெட்டித் துண்டுகளாக, சற்றே வறண்டு இருக்கும். ஸ்கிப்ஜாக் கொஞ்சம் கருத்து, மென்மையாக, மீன் வாசம் தூக்கலாக இருக்கும். கேஸரோலுக்கு ஸ்கிப்ஜாக்கே நல்லது என்பது என் கட்சி. இவ்வளவு பாலும் சீஸும் சேரும் இடத்தில் ஆல்பகோரின் மென்சுவை காணாமல் போய்விடும், விலையும் அதிகம். பாதரசமும் ஆல்பகோரில்தான் கூடுதல். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் சாப்பிடும் வீட்டில் ஸ்கிப்ஜாக் என்றே பார்த்து வாங்கலாம். எண்ணெயில் போட்ட டின்னாக இருந்தால் அந்த எண்ணெயில் இரண்டு டேபிள்ஸ்பூனை எடுத்து வெங்காயம் வதக்குங்கள், சுவை அடியிலிருந்தே ஏறும். உப்புநீரில் போட்டதானால் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் அழுத்துங்கள். சாஸை நீர்க்கவைப்பதும் கவிச்சி அடிக்கவைப்பதும் அந்த நீர்தான்.

பாஸ்தாவில் முட்டை நூடுல்ஸ் நம் கடைகளில் அரிது. ஃபியூசிலி, பென்னே, ஷெல் எதுவும் சரி. குழியும் முறுக்கும் இருந்தால் சாஸ் பிடித்து நிற்கும். பாக்கெட்டின் பின்னால் டியூரம் கோதுமை என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண ரவையிலோ மைதாவிலோ செய்த மலிவு மக்ரோனி அவனில் கூழாகிவிடும். அதுதான் கைவசம் இருக்கிறதென்றால் பாக்கெட்டில் போட்ட நேரத்தில் பாதி மட்டும் வேகவையுங்கள். டியூரம் பாஸ்தாவுக்கு, போட்ட நேரத்தில் மூன்று நிமிடம் குறையுங்கள். கடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்பு போதும், மீனிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. வடிக்கும்போது 100 மில்லி கஞ்சியை எடுத்து வையுங்கள். பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டாம், அதன் மேல் ஒட்டியிருக்கும் மாவுச்சத்து சாஸைப் பிடித்துக்கொள்ளும்.

காளானுக்குத் தனி வாணலி. நன்றாகச் சூடேற்றி, உப்பு போடாமல், ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பி விடுங்கள். முதலில் நீர் விடும், அந்த நீர் வற்றி ஓரம் சிவக்க எட்டுப் பத்து நிமிடம் ஆகும். பாதியில் எடுத்தால் மிச்ச நீரை அவனுக்குள் விட்டு, பாத்திரத்தின் அடியில் குளம் கட்டும். வெங்காயத்தையும் செலரியையும் அதே வாணலியில் நிறம் மாறாமல் வதக்கிக்கொள்ளலாம். உறைந்த பட்டாணி என்றால் மேலே கொதிநீர் ஊற்றி வடித்தால் போதும்.

இனி சாஸ். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைக் கொட்டி, மிதமான தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாடை போக வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. சிவந்தால் மாவின் கெட்டியாக்கும் திறன் குறையும். முதலில் 100 மில்லி பாலை மட்டும் ஊற்றி விஸ்க்கால் அடித்து, வழுவழுப்பான விழுதாக்குங்கள். கட்டி தட்டுவதெல்லாம் மொத்தப் பாலையும் ஒரேயடியாகக் கொட்டுவதால்தான். விழுது சேர்ந்த பின் மீதிப் பாலை மூன்று தவணையாக ஊற்றலாம். கொதி வந்த பிறகும் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். மாவு முழுமையாக விரிந்து கெட்டிப்படுவது கொதிநிலை நெருங்கும்போதுதான், அதற்கு முன் இறக்கினால் நாக்கில் மாவு தட்டும்.

அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுத்து, 100 கிராம் சீஸைச் சேருங்கள். கொதிக்கும் சாஸில் சீஸ் போட்டால் அதன் புரதம் இறுகி, கொழுப்பைப் பிதுக்கித் தள்ளிவிடும். சாஸ் திரிதிரியாகி மேலே எண்ணெய் மிதப்பது அதனால்தான். நம்மூர் கியூப் சீஸுக்கு இந்தப் பயம் குறைவு, அதில் பிரியாமல் உருகுவதற்கான உப்புகள் சேர்ந்திருக்கின்றன. உள்ளே அதைப் போட்டு, மேலே தூவ மட்டும் செடார் வைத்துக்கொண்டால் செலவும் குறையும். கடுகு பேஸ்ட், மிளகு, ஜாதிக்காய் இப்போது. கடுகை விட்டுவிடாதீர்கள், பால்சுவை மந்தமாகிவிடாமல் காப்பது அதுதான்.

பாஸ்தா, காளான், வெங்காயம், பட்டாணி எல்லாவற்றையும் சாஸில் போட்டு, எடுத்து வைத்த கஞ்சியையும் ஊற்றிக் கிளறுங்கள். இந்த நேரத்தில் சாஸ் மோர்க்குழம்பு பதத்தில் இருக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தால் பாஸ்தாவுக்கு இடையில் ஓட வேண்டும். பார்ப்பதற்கு ‘ஐயோ, தண்ணியாகிவிட்டதே’ என்று தோன்றும், தோன்றட்டும். ஓடவில்லை என்றால் இன்னும் 50 மில்லி பால் ஊற்றுங்கள்.

டூனா கடைசி. டின்னில் அடைக்கும்போதே அது முழுதாக வெந்துவிட்டது, இனி வேகவேண்டியது எதுவும் இல்லை. எலுமிச்சைச் சாறு தெளித்து, பெரிய துண்டுகளாகவே சேர்த்து, நாலைந்து முறை மடித்துக் கலந்தால் போதும். அடித்துக் கிளறினால் தூளாகி, சாஸ் சாம்பல் நிறத்துக்குப் போய், வாயில் நரநரக்கும். உப்பை இப்போது ருசி பார்த்துப் போடுங்கள்.

மேல் அடுக்கு. ரொட்டித்தூளை வெண்ணெயில் ஈரமாகும்படி பிசறி, மீதிச் சீஸோடு தூவ வேண்டும். வெண்ணெய் படாத தூள் எத்தனை நேரம் வைத்தாலும் வெளுப்பாகப் புழுதி போலவே கிடக்கும். அமெரிக்கர்கள் நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸும் போடுவார்கள். வெறும் உப்பு சிப்ஸாக இருக்கட்டும், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தூவுங்கள், இல்லாவிட்டால் கருகும்.

ஓடிஜியை (மேசை மேல் வைக்கும் மின் அவன்) 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்சூடாக்கி, நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம். ஓரங்களில் குமிழி வந்து மேலே பொன்னிறமானால் ஆயிற்று. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் 180 டிகிரி. உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான், நிறம் வரவில்லையே என்று நேரத்தை நீட்டினால் சாஸ்தான் வற்றும். நிறம் வேண்டுமானால் அவனின் மேல்பக்கச் சூட்டுக் கம்பியை (ராட்) மட்டும் மூன்று நிமிடம் எரியவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். எடுத்தவுடன் பரிமாறாமல் பத்து நிமிடம் ஆறவிட்டால் சாஸ் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அவன் இல்லாதவர்கள் ரொட்டித்தூளை வெண்ணெயில் தனியே சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். கலவையை அடிகனமான பாத்திரத்தில் போட்டு மூடி, கீழே தோசைக்கல் வைத்து, சிறு தீயில் 12 நிமிடம் விட்டு, பரிமாறும்போது தூளைத் தூவலாம். பொன்னிற மேலாடை கிடைக்காது, மொறுமொறுப்பு கிடைக்கும்.

இலங்கை வீடுகளில் டின் மீன் என்றால் பெரும்பாலும் 425 கிராம் மேக்கரல் டின்தான். அதிலும் இதைச் செய்யலாம், ஆனால் அப்படியே சாஸில் போட்டால் வாடை முன்னால் வந்து நிற்கும். நீரைக் கொட்டி, துண்டைப் பிளந்து நடுமுள்ளை எடுத்துவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூளோடு ஈரம் போக வதக்கிய பிறகு சேருங்கள். சுவை அழுத்தமானது, 200 கிராம் போதும். தக்காளி சாஸில் போட்ட மத்தி டின்னை மட்டும் இந்த வெள்ளை சாஸோடு சேர்க்க வேண்டாம், அதற்குத் தக்காளி அடிப்படையிலான சாஸே பொருந்தும்.

முந்தின நாளே தயார் செய்வதானால் கூடுதலாக 150 மில்லி பால் ஊற்றி, ரொட்டித்தூள் போடாமல், மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பாஸ்தா இரவு முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கும். மறுநாள் கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து நேரே சூடான அவனுக்குள் தள்ளாதீர்கள், விரிசல் விடலாம். அரைமணி நேரம் வெளியே வைத்து, ஃபாயில் மூடி 25 நிமிடம், பிறகு தூள் தூவித் திறந்தபடி 15 நிமிடம். மிச்சத்தை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ஃபிரீசர் வேண்டாம், மைதா சாஸ் உறைந்து உருகும்போது நீர் பிரிந்துவிடும். சூடாக்கும்போது ஒரு ஆளின் பங்குக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் தெளித்து, மூடி, மைக்ரோவேவில் பாதித் திறனில் வையுங்கள். முழுத் திறனில் வைத்தால் டூனா ரப்பராகும், வாசனையும் வீடு முழுக்கப் பரவும்.